ஹோஸ்ட் பதிவு: பட்டாவா, குத்தகையா?

ஒரு புது சர்வரை நெட்வொர்க்கில் சேர்க்க இன்று அதிக நேரம் ஆவதில்லை. ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் பெயர், முகவரி, சாவி, சான்றிதழ், யார் உள்ளே வரலாம் என்ற விதி எல்லாம் தயாராக இருக்கும். அதே சர்வரை ஆறு மாதம் கழித்துக் கழித்துக்கட்டும்போது? பல இடங்களில் எந்த ஸ்கிரிப்டும் ஓடாது. பெட்டி போய்விடும், பட்டியலில் பெயர் இருக்கும். வெறும் பெயர் என்றால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். அந்தப் பெயரோடு கொடுத்த சாவியும் செல்லுபடியாகவே இருக்கும். வம்பு அங்கேதான்.

ஹோஸ்ட் பதிவுகளைத் தானியங்கி ஆக்குவது என்று பேச்செடுத்தாலே சேர்ப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது பாதி வேலை. சொல்லப்போனால் சுலபமான பாதி. சேர்க்கும் ஸ்கிரிப்டை எழுதுவதற்கு முன்னால் நீக்கும் ஸ்கிரிப்டை எழுதவேண்டும். ஹோஸ்ட் பதிவைப் பட்டா மாதிரி நிரந்தரமாக எழுதிக் கொடுக்காமல், குத்தகை மாதிரி கெடு வைத்துக் கொடுக்கவேண்டும். இங்கே சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் என்று பார்க்க, கொஞ்சம் பழைய கதைக்குப் போகவேண்டும்.

முகவரிப் புத்தகமாக இருந்த காலம்

ஆர்ப்பாநெட் நாட்களில் நெட்வொர்க்கில் இருந்த கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. அதன் பெயர் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எஸ்ஆர்ஐ நிறுவனத்திலிருந்த தகவல் மையம்தான் அதைப் பராமரித்தது. அந்த மையத்தை 1972 முதல் 1989 வரை நடத்தியவர் எலிசபெத் ஃபெயின்லர். புதுக் கணினி வந்தால் அந்த மையத்துக்குத் தகவல் சொல்லவேண்டும். அங்கே இருக்கும் மனிதர்கள் கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்ற எல்லோரும் அவ்வப்போது அந்தக் கோப்பை இறக்கி வைத்துக்கொள்வார்கள்.

கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983 நவம்பரில் பால் மொக்காபெட்ரிஸ் எழுதிய ஆர்எஃப்சி 882, 883 இரண்டும் டிஎன்எஸ் என்ற ஏற்பாட்டை முன்வைத்தன. ஒரே கோப்புக்குப் பதிலாக, அவரவர் பகுதிப் பெயர்களை அவரவரே பார்த்துக்கொள்ளும் முறை அது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஹோஸ்ட்ஸ் கோப்பானாலும் சரி, டிஎன்எஸ் ஆனாலும் சரி, அடிப்படையில் அது முகவரிப் புத்தகம். பழைய வரி ஒன்று நீக்கப்படாமல் கிடந்தால், பெரும்பாலும் காலி வீட்டின் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பவேண்டும், அவ்வளவே. பெரிய நஷ்டம் இல்லை.

அதை மாற்றியது கெர்பரோஸ். 1983-ல் எம்ஐடியில் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்தது இது. வளாகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் கணினிகளில், யார் யார் என்பதை எப்படி நம்புவது என்ற கேள்விக்கு விடை தேடினார்கள். கெர்பரோஸில் மனிதர்களுக்கு மட்டுமல்ல, கணினியில் ஓடும் சேவைகளுக்கும் ஆளுக்கொரு ரகசியச் சாவி உண்டு. சாவி அந்தக் கணினியிலேயே ஒரு கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பைத்தான் இன்று கீடேப் என்கிறார்கள்.

அன்றோடு ஹோஸ்ட் பதிவின் குணம் மாறிவிட்டது. முகவரிப் புத்தகம் உறுப்பினர் பட்டியல் ஆயிற்று. சிக்கல் என்னவென்றால், பலருடைய மனதில் அது இன்னும் முகவரிப் புத்தகமாகவே இருக்கிறது!

ஒரு பதிவுக்குள் என்னென்ன இருக்கிறது

இன்று லினக்ஸ் உலகில் இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படுவது ஃப்ரீஐபிஏ. ரெட் ஹாட் ஆதரவில் வளரும் திறந்தமூல மென்பொருள், 1.0 பதிப்பு 2008-ல் வந்தது. ஒரு எல்டாப் டைரக்டரி, எம்ஐடி கெர்பரோஸ், சான்றிதழ் வழங்கும் டாக்டேக், தேவைப்பட்டால் டிஎன்எஸ் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கூரைக்கு அடியில் கட்டிவைத்திருக்கிறது.

இதில் ஒரு கணினியைச் சேர்த்தால், அந்த ஒரு பதிவைச் சுற்றி ஒரு சம்சாரமே உருவாகிறது. கெர்பரோஸ் சாவி வருகிறது. எஸ்எஸ்எச் பொதுச்சாவிகள் வருகின்றன. சான்றிதழ் வாங்கியிருந்தால் அதுவும் ஒட்டிக்கொள்கிறது. கணினி எந்தக் குழுவில் இருக்கிறதோ, அதை வைத்து யார் அதில் லாகின் செய்யலாம், யாருக்கு சூடோ உரிமை என்பதெல்லாம் தீர்மானமாகிறது.

அந்தக் கீடேப் கோப்பு வேறொருவர் கையில் கிடைத்தால்? அவர் அந்தக் கணினியாகவே நடிக்கலாம். டைரக்டரியில் உள்ளே வந்த உறுப்பினருக்குக் காட்டப்படும் விவரங்களைப் படிக்கலாம். அந்தக் கணினியின் பெயரில் புதிதாகச் சான்றிதழ் கேட்கலாம். வழக்கமான அமைப்பில் அதன் டிஎன்எஸ் முகவரியைக்கூட மாற்றிக்கொள்ளலாம்.

கீடேப் கிடைப்பது ஒன்றும் சினிமாக் கொள்ளை இல்லை. ஓரங்கட்டிய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். மெய்நிகர் கணினியின் பழைய ஸ்னாப்ஷாட்டில் இருக்கும். யாரும் திறந்து பார்க்காத பேக்கப்பில் இருக்கும். கணினி செத்த பிறகும் அந்தச் சாவி ஏன் திறக்கிறது? கதவில் பூட்டை யாரும் மாற்றவில்லை, அதனால்தான். குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போய் இரண்டு வருடமாகியும் அவரிடமிருந்து சாவியை வாங்காத வீட்டுக்காரரின் நிலைதான் இது.

சேர்ப்பது ஏன் சுலபம்

நியாயமாகச் சொன்னால், சேர்க்கும் பக்கம் நல்ல வேலை நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் அட்மின் ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து தன் கடவுச்சொல்லை அடிக்கவேண்டும். பொறுமை இழந்தவர்கள் அந்தக் கடவுச்சொல்லையே ஸ்கிரிப்டில் எழுதிவைத்தார்கள். அந்த ஸ்கிரிப்டைப் படிக்க முடிந்தவர் எல்லாம் அட்மின்! இதைவிட மோசமான தானியங்கி இருக்க முடியாது.

ஃப்ரீஐபிஏ இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. பதிவை முன்கூட்டியே உருவாக்கும்போது ஒரு முறை மட்டும் செல்லும் கடவுச்சொல் ஒன்றைக் கொடுக்கும். புதுக் கணினி முதன்முறை எழும்போது அதைக் காட்டி உள்ளே வந்து தன் சாவியை வாங்கிக்கொள்ளும். அதோடு அந்தக் கடவுச்சொல் காலி. பிறகு யாராவது அதைக் கண்டுபிடித்தாலும் பிரயோஜனமில்லை. பெயரின் அமைப்பைப் பார்த்துக் கணினியைத் தானாகச் சரியான குழுவில் போடும் விதிகளையும் எழுதிவைக்கலாம். 'லேப்' என்று தொடங்கினால் லேப் குழு, 'டிபி' என்று தொடங்கினால் தரவுத்தளக் குழு என்கிற மாதிரி. ஆன்சிபிள் இருந்தால் அறுபது கணினிகளையும் ஒரே கோப்பில் எழுதி ஒரே மூச்சில் சேர்த்துவிடலாம்.

ஆன்சிபிளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோப்பிலிருந்து ஒரு கணினியின் வரியை அழித்துவிட்டால், ஃப்ரீஐபிஏயில் அதன் பதிவும் அழிந்துவிடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அழியாது. 'இது இருக்கக்கூடாது' என்று வெளிப்படையாக எழுதினால்தான் நீக்கும். வரியை எடுத்துவிட்டால் அந்தக் கணினியைப் பற்றி ஆன்சிபிள் மறந்துபோகும், அவ்வளவுதான். மறப்பதும் நீக்குவதும் ஒன்றல்ல. பழைய பதிவுகள் சேர்ந்துபோவதற்கு இந்த ஒரு குழப்பமே போதும்.

இன்னொரு சங்கிலியும் உண்டு. பழைய கணினியின் பதிவு நீக்கப்படாமல் இருக்கும்போது அதே பெயரில் புதுக் கணினி ஒன்றைக் கட்டினால், ஒருமுறைக் கடவுச்சொல் முறை வேலை செய்யாது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஹோஸ்டுக்குக் கடவுச்சொல் வைக்க முடியாது என்று சொல்லிவிடும். மணி இரவு பதினொன்று, சர்வர் காலையில் வேண்டும். என்ன செய்வார்கள்? அட்மின் கடவுச்சொல்லைக் கொடுத்து வலுக்கட்டாயமாகச் சேர்ப்பார்கள். அடுத்த முறையும் இப்படி ஆகுமே என்று அதையே ஸ்கிரிப்டில் எழுதிவைப்பார்கள். ஆக, நீக்காமல் விட்ட ஒரு பதிவு, சேர்க்கும் பக்கத்தில் செய்த நல்ல வேலையையும் கெடுத்துவிடுகிறது. அதோடு பழைய கணினிக்கு இருந்த குழு உரிமைகள் எல்லாம் புதுக் கணினிக்குக் கேட்காமலே வந்து சேர்கின்றன.

விண்டோஸ் பக்கம் நடந்தது

இதெல்லாம் கற்பனைப் பயம் என்று தோன்றினால் 2021-ல் நடந்ததைப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு வழக்கமான அமைப்பு உண்டு. சாதாரணப் பயனர் எவரும் பத்து கணினிகள் வரை தாமே டொமைனில் சேர்த்துக்கொள்ளலாம். அட்மினைத் தொந்தரவு செய்யவேண்டாமே என்ற நல்லெண்ணம்தான்.

2021 நவம்பரில் சிவிஇ-2021-42278, சிவிஇ-2021-42287 என்ற இரண்டு ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. இரண்டையும் சேர்த்துத் தாக்கும் முறைக்கு நோபேக் என்று பெயர் வந்தது. சாதாரணப் பயனர் ஒருவர் ஒரு கணினிப் பதிவை உருவாக்குவார். அதன் பெயரை டொமைன் கன்ட்ரோலரின் பெயராக மாற்றுவார். ஆனால் கணினிக் கணக்குகளின் கடைசியில் வரும் டாலர் குறியை மட்டும் விட்டுவிடுவார். அந்தப் பெயரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, பெயரை மறுபடி மாற்றிவிடுவார். பிறகு அந்த டிக்கெட்டைக் காட்டி அடுத்த டிக்கெட் கேட்பார். அந்தப் பெயரில் யாரும் இல்லையே என்று சர்வர் தேடும். டாலர் குறி சேர்த்துப் பார்ப்போம் என்று பார்க்கும். அசல் டொமைன் கன்ட்ரோலர் கிடைக்கும். முடிந்தது கதை. சாதாரணப் பயனர் டொமைன் முழுக்க ராஜா.

ஓட்டை இருந்தது மென்பொருளில்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளே ஏறுவதற்குக் கிடைத்த முதல் படி எது? கேட்டவருக்கெல்லாம் ஹோஸ்ட் பதிவு என்ற தாராளம். கணினிப் பதிவு என்றால் வெறும் பெயர்தானே என்ற அலட்சியத்தின் விலை அது.

'தானாக நீக்கினால் ஆபத்து இல்லையா?'

இதற்கு வலுவான ஒரு எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சேர்ப்பதில் தப்பு நடந்தால் ஒரு பதிவு கூடுதலாக இருக்கும், நீக்குவதில் தப்பு நடந்தால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் விழும். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அணைத்து வைத்த லேப் கணினிகளைச் செத்தவை என்று நினைத்து ஸ்கிரிப்ட் தூக்கிவிட்டால், கல்லூரி திறக்கும் நாளில் ஒருவரும் லாகின் செய்ய முடியாது. அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்த மாற்று சர்வர் வருடம் முழுக்கச் சும்மாதான் இருக்கும். அதற்காக அது தேவையில்லாதது ஆகிவிடுமா?

கணினி உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதும் நினைக்கிற அளவு நேரானதில்லை. ஆக்டிவ் டைரக்டரியில் கணினிகள் தம் கடவுச்சொல்லை 30 நாளுக்கு ஒருமுறை தாமே மாற்றிக்கொள்ளும். ஆனால் அணைந்து கிடக்கும் கணினி மாற்றாது. கடைசி லாகின் நேரம் என்று காட்டும் தகவலும் 9 முதல் 14 நாள் வரை பின்தங்கி இருக்கலாம். ஆக, ஒரே ஒரு அடையாளத்தை வைத்துக்கொண்டு மரணச் சான்றிதழ் எழுதக்கூடாது.

ஆனால் இந்த வாதம் நீக்கும் ஸ்கிரிப்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கவனமாக எழுது என்றுதான் சொல்கிறது. கவனம் என்றால் நாலு காரியம்.

ஒன்று, படிப்படியாகப் போகவேண்டும். ஃப்ரீஐபிஏயில் ஹோஸ்டை முடக்குவது வேறு, நீக்குவது வேறு. முடக்கினால் சாவி செல்லாது, சான்றிதழ் ரத்தாகும். ஆனால் பதிவும் குழு விவரங்களும் அப்படியே இருக்கும். தப்பு என்று தெரிந்தால் புதிதாக ஒரு சாவி கொடுத்துக் கணினியைத் திரும்பச் சேர்த்துவிடலாம். ஏற்கெனவே வாங்கிய டிக்கெட்டுகள் மட்டும் காலாவதியாகும்வரை செல்லும், வழக்கமான அமைப்பில் அது 24 மணி நேரம். முதலில் பொறுப்பாளருக்கு அறிவிப்பு, பிறகு முடக்கம், ஒரு மாதம் யாரும் முனகாவிட்டால் நீக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். நீக்கும்போது டிஎன்எஸ் வரிகளையும் சேர்த்து நீக்கு என்று சொல்ல மறக்கக்கூடாது. சொல்லாவிட்டால் அவை அங்கேயே தொங்கும்.

இரண்டு, அளவு வைக்கவேண்டும். உயிரோடு இருக்கும் கணினிகளின் பட்டியலை வேறொரு சர்வரிடம் கேட்டு வாங்கும் ஸ்கிரிப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த சர்வர் ஒருநாள் படுத்துவிட்டால் காலிப் பட்டியல் வரும். ஸ்கிரிப்டுக்கு என்ன தெரியும்? எல்லாம் செத்துவிட்டன என்று எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஒரு ஓட்டத்தில் ஐந்துக்கு மேல் நீக்கவேண்டி வந்தால் நின்றுவிடு, மனிதரைக் கூப்பிடு என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்குப் பிழைத்தார்கள்.

மூன்று, ஸ்கிரிப்டுக்கு அட்மின் உரிமை கொடுக்கக்கூடாது. சேர்க்கும் ஸ்கிரிப்டுக்குச் சேர்க்கும் உரிமை, நீக்கும் ஸ்கிரிப்டுக்கு முடக்கவும் நீக்கவும் மட்டும் உரிமை. ஃப்ரீஐபிஏயில் இப்படிப் பிரித்துக் கொடுக்க முடியும். முடியும் என்றாலும் பலர் செய்வதில்லை.

நான்கு, பிறப்பையும் இறப்பையும் ஒரே கையில் கொடுக்கவேண்டும். ஃபோர்மேன் மாதிரியான கருவிகளை ஃப்ரீஐபிஏயோடு இணைத்தால், கணினியை உருவாக்கும்போது பதிவும் உருவாகும், அழிக்கும்போது பதிவும் நீங்கும். இதுதான் சரியான வழி. எவர் கட்டுகிறாரோ அவரே இடிக்கும்போது கணக்கையும் முடிக்கவேண்டும்.

கெடு வைப்பது புதிதல்ல

குத்தகை என்ற யோசனை ஏதோ புதுமை என்று நினைக்கவேண்டாம். 1993-ல் ஆர்எஃப்சி 1531 ஆக வந்த டிஎச்சிபி, ஐபி முகவரியைக் கெடு வைத்துத்தான் கொடுக்கிறது. அதற்கு அங்கே வழங்கும் சொல்லே 'லீஸ்'. கெடு முடிவதற்குள் புதுப்பிக்காவிட்டால் முகவரி பொதுக் குளத்துக்குத் திரும்பிவிடும். 2015-ல் லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியபோது 90 நாள்தான் ஆயுள் வைத்தது. முதலில் முணுமுணுத்தவர்களும் புதுப்பிக்கும் வேலையைத் தானியங்கி ஆக்கிக்கொண்டார்கள். கெடு குறைவாக இருந்ததே அதற்கு ஒரு தூண்டுதல்.

வேடிக்கையைப் பாருங்கள். வெறும் முகவரியைச் சில மணி நேரத்துக்குக் கடனாகக் கொடுக்கும் நெட்வொர்க், அடையாளத்தையும் சாவியையும் காலாகாலத்துக்கும் எழுதிக்கொடுக்கிறது. கீடேப்பில் இருக்கும் சாவிக்குத் தானாகக் காலாவதி கிடையாது. எதற்குக் கெடு அதிகம் வேண்டுமோ, அதற்குத்தான் கெடுவே இல்லை.

இதைச் சரிசெய்ய ஃப்ரீஐபிஏயைத் திருத்தி எழுதவேண்டியதில்லை. ஒவ்வொரு ஹோஸ்ட் பதிவிலும் விவரம் எழுத ஓர் இடம் இருக்கிறது. அதில் இரண்டே செய்தி: பொறுப்பாளர் யார், எந்தத் தேதி வரை. இந்த இரண்டும் இல்லாமல் பதிவைச் சேர்க்க ஸ்கிரிப்ட் மறுக்கவேண்டும். தேதி நெருங்கும்போது பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். 'ஆமாம், இன்னும் வேண்டும்' என்று சொன்னால் ஆறு மாதம் நீளும். பதில் இல்லையென்றால் முடக்கம். லேப் கணினிகளுக்கு இரண்டு வருடம் கொடுங்கள், மாற்று சர்வருக்கு ஐந்து வருடம் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? முடிவே இல்லாமல் கொடுக்காதீர்கள் என்பதுதான் கேட்பது.

'எங்களிடம் எல்லாம் கன்டெய்னர், காலையில் பிறந்து மாலையில் சாகும், இதெல்லாம் பழைய கதை' என்பவர்களும் உண்டு. காலையில் பிறந்து மாலையில் சாவதற்கு நிரந்தரச் சாவி கொடுத்தால், ஒரு வருடத்தில் எத்தனை அநாதைச் சாவிகள் சேரும் என்று அவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஆயுள் குறையக் குறைய, நீக்கும் பக்கத்தின் வேலை கூடத்தான் செய்யும்.

கணினி மாணவர்களுக்கு இதில் ஒரு தனிப் பங்கு இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டுக்கென்று ஒரு சர்வர் எழும்பும். மாணவர் நல்ல மதிப்பெண் வாங்கிப் பட்டம் பெற்றுப் போய்விடுவார். சர்வரின் பதிவு பட்டம் வாங்காது, அங்கேயேதான் இருக்கும். அடுத்த வருடம் வரும் ஜூனியர் அந்தப் பெயரைப் பார்ப்பார். யாருடையது என்று தெரியாது, தொட்டால் எது விழுமோ என்று பயம். விட்டுவிடுவார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே. இப்படித்தான் ஒரு பட்டியல், யாராலும் நம்ப முடியாத பட்டியலாகிறது. உண்மையான திருட்டுப் பதிவு ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்தாலும், 'இதுவும் ஏதோ பழைய புராஜெக்ட் போல' என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

ஸ்கிரிப்ட் வேலையைச் செய்யும், பதில் சொல்லாது. பதில் சொல்ல ஒரு மனிதரின் பெயர் பதிவில் இருக்கவேண்டும். அவரும் ஒருநாள் போய்விடுவார் என்பதால்தான் பக்கத்தில் ஒரு தேதியும் வேண்டும். அடுத்த முறை யாராவது 'ஹோஸ்ட் சேர்ப்பதை முழுக்க ஆட்டோமேட் பண்ணியாச்சு' என்று பெருமையாகச் சொன்னால், தாராளமாகக் கைதட்டுங்கள். தட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் இதே ஸ்கிரிப்ட் எத்தனை ஹோஸ்டை நீக்கியது?